பகடையும் பேரேடும் ஒரே கையில்

கேள்வி: "அண்ணா, நான் ஓர் ஆன்லைன் கேம் நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் பாத்திர விளையாட்டு எங்களுடையது. ஆட்டக்காரர்களுக்கு அறிவிப்பு எழுதுவதும் பதில் சொல்வதும் என் வேலை. நாங்கள் எதைச் சொன்னாலும், நல்லதையே செய்தாலும், 'இதில் என்ன சூழ்ச்சி?' என்றுதான் முதல் வரி வருகிறது. வேறு எந்தத் தொழிலிலும் வாடிக்கையாளர்கள் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை. இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வருகிறது? இதை மாற்ற முடியுமா?"

தம்பி, நான் இருபது ஆண்டுகளாக இந்த வகை விளையாட்டுகளை ஆடுகிறவன். உங்கள் அறிவிப்புக்குக் கீழே சந்தேகத்தோடு எழுதுகிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன். உங்களை நம்பாதவர்களில் பெரும்பாலோர் வம்புக்காரர்கள் அல்லர். ஒரு காலத்தில் முழுமனதாக நம்பியவர்கள். நம்பாதவர் ஆறு ஆண்டுகள் ஒரே விளையாட்டில் இரவு இரவாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஒரு கேரம் போர்டு வாங்கினால் அது உங்கள் வீட்டில் இருக்கும். கடைக்காரர் நள்ளிரவில் வந்து குழியைச் சிறிதாக்கிவிட்டுப் போக முடியாது. நீங்கள் நடத்துகிற விளையாட்டு அப்படிப்பட்டதா? ஆட்டக்காரர் மூன்று மாதம் கண்விழித்துச் சம்பாதித்த வாள் உங்கள் சர்வரில் உள்ள ஒரு பதிவு. அது எவ்வளவு வலிமையாக வெட்டும், அதைப் போல் இன்னொன்று கிடைக்க எத்தனை நாளாகும், அடுத்த ஆண்டு அது இருக்குமா என்பதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அவரிடம் இருப்பது பணம் கட்டிய ரசீது மட்டும்.

என் அம்மா காலத்தில் எங்கள் தெருவில் குலுக்கல் சீட்டு நடக்கும். இருபது பேர் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, எல்லோர் கண்ணெதிரிலும் மடித்து, ஒரு சம்படத்தில் போட்டுக் குலுக்கி, திண்ணையில் விளையாடும் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சீட்டு பிடித்த அக்கா நேர்மையானவர். யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் எல்லோர் முன்னிலையிலும் மடிக்கிற அந்த வழக்கம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவர் உள்ளறையில் தனியாக மடித்து, தாமே எடுத்து, பெயரை மட்டும் வெளியே வந்து சொல்லியிருந்தால் மூன்றாம் மாதமே சீட்டு உடைந்திருக்கும். உங்கள் தொழிலில் குலுக்கல் முழுவதும் உள்ளறையில்தான் நடக்கிறது. உங்களுக்கு எதிராக வருகிற சந்தேகத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த உள்ளறையில் என்ன நடக்கக்கூடும் என்பதற்குத் தென் கொரியாவில் அரசு அமைப்பே விசாரித்து வெளியிட்ட ஒரு வழக்கு இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேப்பிள்ஸ்டோரி 2003-இல் தொடங்கிய விளையாட்டு. வெளியிடுவது நெக்சான். குழந்தை முகமுள்ள கதாபாத்திரங்கள் பக்கவாட்டில் ஓடித் தாவும், பார்க்க மிக அழகான விளையாட்டு அது. கொரியாவில் ஒரு தலைமுறையே அதோடு வளர்ந்தது. 2010 மே மாதம் அதில் 'கியூப்' என்ற பொருள் வந்தது. ஆட்டக்காரரின் ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் மூன்று வரிகளில் கூடுதல் திறன்கள் உண்டு. ஒரு கியூபைச் செலவழித்தால் அந்த மூன்று வரிகளும் கலைந்து வேறு மூன்று விழும். பிடித்தது விழும் வரை கியூப் வாங்கலாம். பெரும் எதிரிகள்மீது தாக்கத்தைக் கூட்டும் திறன் மூன்று வரியிலும் ஒன்றாக விழ வேண்டும் என்பது பலரின் கனவு.

கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் விசாரித்துச் சொன்னது இது. முதலில் எல்லாத் திறன்களும் சமவாய்ப்பில் விழுந்தன. 2010 செப்டம்பரில், ஆட்டக்காரர்கள் விரும்பும் திறன்கள் குறைவாக விழும்படி மாற்றினார்கள். யாருக்கும் சொல்லவில்லை. 2011 ஆகஸ்டிலிருந்து, அதிகம் விரும்பப்பட்ட சில சேர்க்கைகள் விழவே விழாதபடி செய்தார்கள். வாய்ப்பு சுழியம். அதையும் சொல்லவில்லை. அதே மாதம், கியூபின் செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். இந்த நிலை 2021 மார்ச் வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள், அப்படியே நீடித்தது.

இன்னொன்றும் நடந்தது. 2013-இல் 'கருப்பு கியூப்' வந்தபோது, பொருள் உச்சத் தரத்துக்கு உயர்வதற்கான வாய்ப்பு 1.8 சதவீதம். அந்த ஆண்டு முடிவதற்குள் அதைச் சிறிது சிறிதாக 1.4 ஆக்கினார்கள். 2016 ஜனவரியில் 1 சதவீதம் ஆக்கினார்கள். ஒன்று எட்டுக்கும் ஒன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.8 சதவீதத்தில் சராசரியாக 56 கியூப் தேவைப்படும். 1 சதவீதத்தில் 100 தேவைப்படும். ஆளுக்கு 100 கியூப் வாங்கிய நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விகிதத்தில் அவர்களில் சுமார் 16 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். புதிய விகிதத்தில் சுமார் 37 பேர். ஒரு கருப்பு கியூபின் விலை 2,200 வான் (கொரிய நாணயம்). அந்தக் கூடுதல் 21 பேரும் ஆளுக்கு 2,20,000 வான் கொடுத்துவிட்டு, தங்கள் ராசி சரியில்லை என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போயிருப்பார்கள்.

குட்டு வெளிப்பட்டது ஒரு புதுப்பிப்புக் குறிப்பால். 2021 பிப்ரவரியில், கியூப் அல்லாத வேறொரு பொருளைப் பற்றி, இனி எல்லாக் கூடுதல் திறன்களும் சமவாய்ப்பில் கிடைக்கும் என்று நிறுவனமே எழுதியது. அப்படியானால் இதுவரை எப்படிக் கிடைத்தன என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். பணம் திரட்டி, எழுத்துகள் ஓடும் மின்திரை பொருத்திய லாரிகளை வாடகைக்கு எடுத்து, சியோலுக்கு அருகே பாங்யோவில் உள்ள நிறுவன அலுவலகத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மார்ச் 5-ஆம் தேதி கியூபின் வாய்ப்பு விகிதங்களை நிறுவனம் வெளியிட்டது. சுழியம் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

2024 ஜனவரியில் ஆணையம் சுமார் 1,164 கோடி வான் அபராதம் விதித்தது. அப்படி விகிதத்தை வெளியிட வேண்டும் என்று அக்காலத்தில் சட்டம் எதுவும் இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். அந்த விளையாட்டின் வருவாயில் சுமார் 30 சதவீதம் கியூபிலிருந்து வந்தது என்றும், ஒரே ஆண்டில் 28 கோடி வான் வரை செலவழித்த ஆட்டக்காரர் இருந்தார் என்றும் ஆணையம் சொன்னது. அதே ஆண்டு, கியூபுக்குச் செலவழித்ததில் ஒரு பகுதியை ஓர் ஆட்டக்காரருக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நுகர்வோர் அமைப்பின் சமரசத்தில் சுமார் 8 லட்சம் பேருக்கு இழப்பீடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது 2024 மார்ச் 22 முதல் கொரியாவில் சட்டக் கடமை ஆனது.

அபராதத் தொகையைவிட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்தப் பத்து ஆண்டுகளும், "மூன்று வரியும் ஒன்றாக விழவே மாட்டேன் என்கிறது, இதில் ஏதோ இருக்கிறது" என்று சொன்ன ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். எந்த விளையாட்டிலும் அப்படிச் சொல்பவர்களுக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: உங்களுக்கு நிகழ்தகவு புரியவில்லை, அதிர்ஷ்டம் அப்படித்தான் இருக்கும். நானே பலருக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். கணக்குத் தெரிந்தவன் என்ற நினைப்பில் சொன்னேன். நேர்மையான குலுக்கலில் தோற்றவரும் ஏமாற்றப்பட்டவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பார்கள். இருவர் கையும் காலி. யார் எந்த வகை என்பது பேரேடு வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஒரு முறை பொய் சொன்னது தெரிந்துவிட்டால், அதன்பின் உலகத்தில் எந்த நேர்மையான நிறுவனத்திலும் தோற்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வி எழும். நீங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே உங்கள் பெயரில் எழுதப்பட்ட கடன் அது.

கொரியாவோடு இது முடியவில்லை. ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் 2003 முதல் நடத்தும் ஈவ் ஆன்லைன் விண்வெளி வணிகமும் போரும் நிறைந்த விளையாட்டு. ஒரே பிரபஞ்சத்தில் எல்லோரும் ஆடுகிறார்கள். கூட்டணிகள் ஆண்டுக்கணக்கில் போர் புரிகின்றன. 2007-இல் அங்கே ஒரு விஷயம் வெளியானது. நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், தாம் சேர்ந்திருந்த கூட்டணிக்கு, மற்றவர்கள் பெறவே திண்டாடும் அரிய கப்பல் வரைபடங்களைச் சத்தமில்லாமல் கொடுத்திருந்தார். எதிரணியில் இருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் திட்டமிட்டு, வேலைக்கு விடுப்புப் போட்டுப் போரிட்டவர்கள். நடுவரே எதிரணிச் சட்டை போட்டிருந்தார் என்று பின்னால் தெரியவந்தால் என்ன மிச்சம் இருக்கும்?

சி.சி.பி. செய்த பரிகாரம் கவனிக்கத்தக்கது. ஊழியர்களைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு அமைத்தது. ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றத்தை 2008-இல் தொடங்கியது. அந்த உறுப்பினர்களை ரெய்க்யவிக் நகரத்துக்கு வரவழைத்து, தன் திட்டங்களை அவர்கள் முன் வைத்தது. விளையாட்டுக்குள் நடக்கும் பொருளாதாரத்தை ஆராய்ந்து அறிக்கை எழுத ஒரு பொருளியல் அறிஞரையே வேலைக்கு அமர்த்தியது. இத்தனை செய்தும் 2011-இல் மறுபடி சறுக்கியது. கதாபாத்திரத்தின் கண்ணில் மாட்டும் ஒற்றைக் கண்ணாடியை 60 டாலருக்கும் மேல் விலை வைத்து விற்றார்கள். அதே வாரத்தில் நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று கசிந்தது. பணத்துக்கு விற்பதை எதுவரை கொண்டுபோகலாம் என்று அதில் விவாதித்திருந்தார்கள். தலைமை நிர்வாகி ஊழியர்களுக்கு எழுதிய கடிதமும் கசிந்தது. ஆட்டக்காரர்கள் சொல்வதைவிடச் செய்வதைக் கவனியுங்கள் என்பது அதன் சாரம்.

அவர்கள் செய்தும் காட்டினார்கள். ஜிட்டா என்பது அந்தப் பிரபஞ்சத்தின் பெரிய சந்தை. ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே திரண்டு, நடுவில் நின்ற நினைவுச் சின்னத்தைச் சுற்றி வட்டமிட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அதை அழிக்க முடியாது என்று அவர்களுக்கே தெரியும். சர்வர் திணறியது. பலர் சந்தாவை நிறுத்தினார்கள். மன்றத்தினரை நிறுவனம் அவசரமாக ஐஸ்லாந்துக்கு அழைத்துப் பேசியது. போரில் வெல்ல உதவும் பொருட்களைப் பணத்துக்கு விற்கப்போவதில்லை என்று உறுதி கொடுத்தது. அந்த அக்டோபரில் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கடிதம் எழுதினார். பிறகு நிறுவனம் தன் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை நீக்கியது.

கண்ணாடி விலை ஒரு சாக்கு என்றே நினைக்கிறேன். வேண்டாதவர் வாங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் வெளியே ஒரு பேச்சும் உள்ளே ஒரு பேச்சுமாக இருந்ததை மக்கள் தங்கள் கண்ணால் படித்துவிட்டார்கள். உங்கள் அறிவிப்பைப் படிப்பவர், உங்கள் அலுவலகத்துக்குள் இதே விஷயத்தை எந்தச் சொல்லில் பேசுகிறீர்கள் என்று ஊகித்துக்கொண்டேதான் படிப்பார்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 நவம்பரில் சோனி ஆன்லைன் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் விளையாட்டுக்கு ஒரு புதிய விரிவாக்கத்தை விற்றது. விற்ற சில நாட்களிலேயே விளையாட்டின் அடிப்படையை அடியோடு மாற்றுவதாக அறிவித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. விலங்குகளை வளர்த்துப் பழக்குபவராக இரண்டாண்டு உழைத்தவரின் தொழிலே இல்லாமல் போனது. விரிவாக்கத்துக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டவர்களுக்குத் திருப்பித் தர முன்வந்தார்கள். போன இரண்டாண்டை யார் திருப்பித் தருவது? அடுத்தது பிளிசார்ட். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தைத் திரும்பத் தருவீர்களா என்று 2013-இல் நிறுவனத்தின் ரசிகர் மாநாட்டில் ஒரு ரசிகர் மேடையில் இருந்தவர்களைக் கேட்டார். அது வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, உண்மையில் வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. 2016-இல், பழைய வடிவத்தை ரசிகர்களே நடத்திவந்த நாஸ்டால்ரியஸ் என்ற சர்வரை வழக்கறிஞர் கடிதம் அனுப்பி மூடவைத்தார்கள். 2019-இல் அதே பழைய வடிவத்தை நிறுவனமே வெளியிட்டது. மக்கள் வரிசை கட்டி, சர்வருக்குள் நுழையவே மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்.

உங்கள் பக்க நியாயத்தையும் நான் மறைக்கப்போவதில்லை. ஆட்டக்காரர்களின் சந்தேகம் பல முறை தவறாகவும் போயிருக்கிறது. கேம்பிரிட்ஜில் உள்ள ஜாஜெக்ஸ், 2007 டிசம்பரில் ரூன்ஸ்கேப் விளையாட்டில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பொருட்களைத் தாராளமாகக் கைமாற்றிக்கொள்வதைத் தடுத்தது. எங்கும் கொந்தளிப்பு. ஆனால் அதன் பின்னால் உண்மையான நெருக்கடி இருந்தது. விளையாட்டுத் தங்கத்தை வெளியே விற்கும் கும்பல்கள் திருட்டு கிரெடிட் கார்டுகளால் கணக்குகளைத் திறந்தன. கார்டு உரிமையாளர்கள் புகார் செய்ய, வங்கிகள் பணத்தைத் திரும்பப் பிடுங்கின. நிறுவனத்தின் பிழைப்பே ஆட்டம் கண்டது. அதை நம்பாமல் திட்டியவர்கள் அப்போது நிறைய பேர். உங்களைப் போன்ற ஊழியர்களுக்கு வரும் மிரட்டல்களும் வசைகளும் எனக்குத் தெரியும். அவற்றுக்கு எந்த நியாயமும் கிடையாது. விலையைத் தீர்மானித்தவர் வேறு மாடியில் இருக்க, வசவை வாங்கிக்கொள்பவர் நீங்களாக இருக்கிறீர்கள்.

அதே ஜாஜெக்ஸ் பிறகு எடுத்த வழியைப் பாருங்கள். 2011-இல் அந்தத் தடையை நீக்கலாமா என்று ஆட்டக்காரர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. தடை நீங்கியது. 2013-இல், 2007-ஆம் ஆண்டு வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று மறுபடி கேட்டது. அப்படிப் பிறந்த ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் இன்றுவரை புதிய அம்சங்கள் வாக்கெடுப்புக்கு வருகின்றன. தொடக்கத்தில் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்று இருந்தது, 2022-இல் 70 ஆகக் குறைந்தது. ஊழியர்கள் மாதக்கணக்கில் யோசித்து வடிவமைத்த திட்டங்கள் அங்கே தோற்றிருக்கின்றன, தோற்றவை கைவிடப்பட்டும் இருக்கின்றன. ஒரு நிறுவனம் தன் கையைத் தானே கட்டிக்கொண்டதை மக்கள் பார்த்தார்கள்.

அங்கேயும் சந்தேகம் ஒழிந்துவிடவில்லை. 2024-இல் நிறுவனம் மீண்டும் கைமாறியது. 2025 ஜனவரியில், விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தா உட்படப் பல கட்டண வகைகளைப் பற்றி ஆட்டக்காரர்களிடம் ஒரு கருத்துக் கணிப்பு அனுப்பப்பட்டது. வெறும் கேள்விகள்தான். ஆனாலும் பலர் சந்தாவை நிறுத்த, நிறுவனம் பின்வாங்கியது. முதலாளி மாறினால் பழைய வாக்குறுதி செல்லுமா என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் எனக்குத் தவறு தெரியவில்லை.

இழந்த நம்பிக்கையை முழுதாக மீட்டவர்கள் உண்டா என்று கேட்டால், ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐச் சொல்வேன். 2010 செப்டம்பரில் அது வெளிவந்தபோது ஆட முடியாத நிலையில் இருந்தது. ஸ்குவேர் எனிக்ஸ் அதை மறைக்கவில்லை. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பொறுப்பில் இருந்தவர்கள் மாற்றப்பட்டு, விளையாட்டை வழிநடத்த நவோகி யோஷிதா வந்தார். ஓராண்டுக்கும் மேல் சந்தா வாங்கவில்லை. பழுதான விளையாட்டை ஆடுகிறவர்களுக்காகத் திருத்திக்கொண்டே, பக்கத்தில் புதியதைக் கட்டினார்கள். 2012 நவம்பரில் பழையதை மூடி, 2013 ஆகஸ்டில் புதியதைத் திறந்தார்கள். இடையில் யோஷிதா நேரலையில் தோன்றி, எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று மணிக்கணக்கில் பேசினார். பழைய விளையாட்டில் பணம் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தவர்களின் பெயர்கள் புதிய விளையாட்டின் நன்றிப் பட்டியலில் இடம்பெற்றன. 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறியபோது அவர்கள் விளையாட்டை விற்பதையே சில வாரம் நிறுத்திவைத்தார்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவச நாட்கள் கொடுத்தார்கள். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொன்ன நிறுவனத்தின் அடுத்த அறிவிப்பைப் படிக்கும்போது என் புருவம் உயரவில்லை.

உங்களால் என்ன செய்ய முடியும்? விலையும் விகிதமும் உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் சொற்கள் உங்கள் கையில் இருக்கின்றன. "சமநிலை மேம்படுத்தப்பட்டது" என்று எழுதாதீர்கள். முன்பு எத்தனை, இப்போது எத்தனை என்று இரண்டு எண்களையும் எழுதுங்கள். குறைத்திருந்தால் குறைத்தோம் என்றே எழுதுங்கள். "உங்கள் கருத்துகளைக் கவனித்து வருகிறோம்" என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்தக் கருத்தைக் கேட்டு எதை மாற்றினீர்கள் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்கட்டும். உங்களுக்கே நேரில் காட்டப்படாத எதற்கும் உறுதிமொழி எழுதாதீர்கள். மேப்பிள்ஸ்டோரியின் 2011 ஆகஸ்ட் அறிவிப்பைப் போன்றவை உங்களுடையதைப் போன்ற ஒரு மேசையிலிருந்துதான் வெளியே போகின்றன. எழுதுபவர் உண்மை என்று நம்பியேகூட எழுதியிருக்கலாம். மேலிடத்தில் "மாற்றம் இல்லை என்று போட்டுவிடுங்கள்" என்று சொன்னால், மாற்றக் குறிப்பைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்குத் துணிவு வேண்டும் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

கடைசியாக, மூடுவதைப் பற்றி. எல்லா அவநம்பிக்கைக்கும் அடியில் அந்தப் பயம் கிடக்கிறது.

நான் ஆறு ஆண்டுகள் ஆடிய ஒரு விளையாட்டு மூடப்பட்டது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மூடப்போவதாக அறிவித்ததற்கு முந்தைய வாரம் வரை ஓராண்டுச் சந்தாவைத் தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். நானும் வாங்கினேன். கடைசி இரவில் எங்கள் குழுவினர் பதினொரு பேர் நகரத்தின் கிணற்றடியில் கூடினோம். பினாங்கிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து ஒருவர், மற்றவர்கள் எந்தெந்த நாடோ. ஒருவர் தம் பெட்டகத்தில் இருந்த எல்லாவற்றையும் தரையில் கொட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்து என்ன செய்வது? ஆனாலும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். நான் எடுத்தது ஒரு மீன்பிடி தூண்டில். "போய்வருகிறேன்" என்று தட்டச்சு செய்து முடிப்பதற்குள் திரை நின்றுவிட்டது. சர்வருடன் தொடர்பு இல்லை என்று ஒரு வரி வந்தது. அந்தப் பதினொரு பேரில் ஏழு பேரை அதன்பின் நான் எங்கும் கண்டுபிடிக்க முடியவில்லை.

2012 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, என்சிசாஃப்ட் நிறுவனம் சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டை மூடுவதாக அறிவித்தது. எட்டு ஆண்டுகளாக ஓடிய விளையாட்டு அது. அதை உருவாக்கிக்கொண்டிருந்த பாரகன் ஸ்டூடியோவும் அதே நாளில் மூடப்பட்டது. ஆட்டக்காரர்கள் அட்லஸ் பார்க் என்ற திடலில், உலகைத் தோளில் தாங்கும் சிலையின் கீழே, கையில் தீப்பந்தம் ஏந்திய நாயகர்களாகத் திரண்டு நின்றார்கள். பலன் இல்லை. நவம்பர் 30-ஆம் தேதி விளக்கணைந்தது. பிறகு 2019-இல், அந்த விளையாட்டின் மென்பொருள் நிரலை வைத்துச் சிலர் ஆண்டுக்கணக்கில் ரகசிய சர்வர் நடத்திவந்தது வெளியானது. அழைப்புக் கிடைக்காத மற்ற ரசிகர்கள் கொதித்தார்கள். நிறுவனத்தின்மீது இருந்த கோபத்துக்குச் சற்றும் குறையாத கோபம் அது. இருட்டில் கதவைச் சாத்திக்கொள்பவர் சக ஆட்டக்காரராக இருந்தாலும் வலி ஒன்றுதான்.

நிரல் வெளியே வந்தது. தன்னார்வலர்கள் ஹோம்கமிங் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்த சர்வர் ஒன்றைத் தொடங்கினார்கள். எந்த நாளும் வழக்கறிஞர் கடிதம் வரலாம் என்ற பயத்தோடு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடத்தினார்கள். என்சிசாஃப்ட் 2024 ஜனவரியில் அவர்களுக்கு முறையான உரிமம் கொடுத்தது. அந்தச் சர்வரில் ஆடக் கட்டணம் கிடையாது. நன்கொடையில் ஓடுகிறது. மாதாமாதம் சர்வருக்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கை எல்லோரும் பார்க்க வெளியிடுகிறார்கள். தேவையான தொகை சேர்ந்தவுடன் அந்த மாத வசூலை நிறுத்திவிடுகிறார்கள்.